சீசன் இல்லாத காலாண்டு

டீ வேணாம் மேடம், நீங்க குடிங்க. சக்கரை போட்ட எதையும் நான் தொடறதில்ல. இத்தனை வருசமா சக்கரை ஆலையில குப்பை கொட்டிட்டு இவன் சக்கரை வேணாங்கறானேன்னு ஊரே சிரிக்கும். எனக்கு வியாதி ஒண்ணும் இல்ல. எங்கப்பாவுக்கு இருந்துச்சு. வர்றதுக்கு முன்னாடியே நான் நிறுத்திட்டேன். எதுலயும் முன்னாடியே யோசிக்கற ஆளு நான், ஆபீஸ்லயும் அப்படித்தான்.

பேரு அறிவரசன். ஆலையில அக்கவுண்ட்ஸ் மேனேஜர். போன மாசத்துலருந்து ஜி.எம்., அதை அப்பறம் சொல்றேன். ஆலைன்னதும் எறையூர் ஆலைன்னு எழுதிராதீங்க, அது வேற. எங்களுது தனியார், அரியலூர் ரோட்டுலருந்து உள்ள தள்ளி இருக்கு. உங்களுக்கே தெரியும், அன்னிக்கு நீங்களும் வந்திருந்தீங்க. மொலாசஸ் குழிக்குள்ள ரெண்டு பேர் செத்தாங்களே, அந்தக் கேசுக்காகத்தான் வந்திருக்கேன். யாரும் என்னைக் கூப்பிடலை. நானாத்தான் வந்தேன்.

உங்க எஃப்.ஐ.ஆர்.ல ரெண்டு தப்பு இருக்கு. உங்களைக் குத்தம் சொல்லலை, எங்க ஆலை எழுதிக் குடுத்ததைத்தானே நீங்க எழுத முடியும். ஒண்ணு, காத்து ஊதற ப்ளோயர் பழுதாகி ரிப்பேர்ல இருந்துச்சுன்னு இருக்கு. அது பழுதா இல்ல. இன்னொண்ணு, செத்தவங்க வெளக்கை உள்ள எறக்கிப் பாத்து, அது அணைஞ்சும் அசட்டையா அவங்களாவே எறங்கிட்டாங்கன்னு இருக்கு. வெளக்கு அணையலை. எரிஞ்சுது. நான் என் கண்ணால பாத்தேன்.

அந்த ரெண்டாவது வரி இருக்கறவரைக்கும், வெளிய புங்க மரத்தடியில உக்காந்திருக்காங்களே அந்தம்மா, அவங்களுக்கு நட்டஈடுன்னு ஒண்ணும் வராது. தெரிஞ்சே போய் விழுந்தவனுக்கு யாரு குடுப்பா. அவங்க பேரு காத்தாயி. முதல்ல எறங்கின கருப்பண்ணன் அவங்க புருசன். அவரைத் தூக்கறேன்னு பின்னாடியே எறங்கின முத்தமிழ் அவங்க கூடப் பொறந்த தம்பி. ரெண்டு பேர் சாவுக்கும் ஒரே வீட்டுலதான் அழுதாங்க. தெனமும் இங்க வந்து உக்காந்துட்டுப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன்.

இது எப்படி ஆச்சுன்னு புரியணும்னா கொஞ்சம் கணக்கு சொல்லியாகணும். பயப்படாதீங்க, கஷ்டமா இருக்காது.

கம்பெனின்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை லாப நஷ்டம் சொல்லணும். இடைக்கால நிதி அறிக்கைன்னு பேரு. சக்கரை ஆலைக்கு அது பெரிய தலைவலி. கரும்பு அரைக்கறது வருசத்துல பாதி நாள்தான். மீதி நாள் மெசினைக் கழட்டி, தேய்ச்சு, மாத்தி, ரிப்பேர் பாத்துக்கிட்டு இருப்போம். ஜூலைலருந்து செப்டம்பர் வரைக்கும் இருப்புச் சக்கரையை வித்து வர்ற வரவு கொஞ்சம்தான், செலவுதான் அதிகம். அதனால ரொம்ப காலமா எங்க கொள்கை என்னன்னா, சீசன் இல்லாத மாசத்துல ஆகற ரிப்பேர் செலவை அப்ப எழுதறதில்ல. ஒத்தி வெச்சு, கரும்பு அரைக்க ஆரம்பிச்ச பிறகு கொஞ்சம் கொஞ்சமா எழுதுவோம். கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட பந்தல் செலவும் கல்யாணச் செலவுதானே. எல்லாம் மார்ச்சுக்குள்ள வந்து சேந்துரும், வருசக் கணக்குல ஒரு வித்தியாசமும் தெரியாது.

போன வருசம் திருச்சியிலருந்து புதுசா ஒரு ஆடிட்டர் வந்தார். சின்ன வயசு, மெதுவாப் பேசுவார். இது செல்லாதுன்னுட்டார். 'வருசக் கணக்குக்கு என்ன கொள்கையோ அதேதான் இடைக்கால அறிக்கைக்கும். மார்ச் கடைசியில ஒத்திவெக்க முடியாத செலவை செப்டம்பர் கடைசியிலயும் ஒத்திவெக்க முடியாதுங்க சார்' அப்படின்னார். எங்க எம்.டி. மேசையைத் தட்டினார், கத்தினார். எனக்குக் கோவமே வரலை. ஏன்னா அவர் சொன்னது சரி. சரியான விஷயத்து மேல எனக்கு எப்பவுமே கோவம் வராது.

ஆனா இந்த வருசம் நெலமை மோசம். ஜூன் காலாண்டு ஏற்கெனவே நஷ்டம். செப்டம்பரும் நஷ்டம்னா பேங்க் கையை இழுத்துக்கும், அப்படித்தான் கடன் பத்திரத்துல இருந்துச்சு. பேங்க் குடுக்கலைன்னா கரும்பு போட்டவனுக்கு நாங்க குடுக்க முடியாது. வேப்பந்தட்டை பக்கத்து ஆளுங்க, தா.பழூர்ல நெல்லை விட்டுட்டு எங்களை நம்பி கரும்புக்கு வந்தவங்க, அத்தனை பேரும் ஆலை வாசல்ல வந்து உக்காருவாங்க. எம்.டி. ஊட்டியில இருப்பார். நான்தான் வாசல்ல நின்னு பதில் சொல்லணும். நான் செஞ்சதெல்லாம் அவங்களுக்காகத்தான். இதை எழுதிக்கங்க.

அப்ப ஒரு வழி தோணுச்சு. நேர்மையான வழி. செலவை ஒத்திவெக்கக் கூடாதுன்னுதானே சட்டம். செலவே பண்ணலைன்னா?

செப்டம்பர் பாதியில ஸ்டோர்ஸைச் சாத்தினேன். அக்டோபர் ஒண்ணாந்தேதி வரைக்கும் ஆலை கேட்டுக்குள்ள ஒரு ஆணி வரக்கூடாது, ரிப்பேருக்குப் போன ஒரு சாமான் திரும்பி வரக்கூடாது. கேட்டைத் தாண்டி உள்ள வந்துட்டா அந்த நிமிசமே அது செலவு. சரியா அந்நேரம் பாத்து புரட்டாசியும் பொறந்துச்சு. ஆலையில பாதி பேர் கவுச்சியை விட்டுட்டு நெத்தியில நாமம் போட்டுக்கிட்டு வருவாங்க. 'ஸ்டோர்ஸுக்கும் புரட்டாசி வந்துருச்சுடோய்'னு ஃபிட்டருங்க கேலி பேசினாங்க. கேன்டீன்ல மிக்ஸி கெட்டுப்போய் சட்னியே இல்ல. நான் உள்ள போனா வெறும் இட்லியைத் தூக்கிக் காட்டுவாங்க. கஞ்சப்பயன்னு முதுகுக்குப் பின்னாடி பேசினதும் காதுல விழும். அதே கஞ்சன்தான் இவங்களுக்கு தீபாவளி போனஸ் வர வழி பண்ணவன்னு ஒருத்தனுக்கும் தோணலை.

இப்ப ப்ளோயருக்கு வரேன். தொட்டியில, குழியில ஆள் எறங்கறதுக்கு முன்னாடி குழாய் வழியா நல்ல காத்தை உள்ள தள்ற மெசின் அது. அதோட மோட்டார் ஆகஸ்டுல கருகிப்போச்சு. பெரம்பலூர் நாலு ரோட்டுகிட்ட காசிநாதன்னு ஒருத்தர் மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கார், அவர்கிட்ட குடுத்திருந்தோம். ஸ்டோர்ஸ் சாத்தின ரெண்டாம் நாளே அவர் போன் பண்ணார்.

'சார், மோட்டாரு ரெடி. ஓட்டிப் பாத்துட்டேன், ஜம்முனு ஓடுது. ஆள அனுப்புங்க.'

'ஒண்ணாந்தேதி எடுத்துக்கறேன்'னேன்.

'என்னா சார், பில்லுக்காக யோசிக்கிறீங்களா? பில்ல ஒண்ணாந்தேதி போட்டுக்கறேன். நீங்க மொதல்ல சாமானை எடுத்துட்டுப் போங்க. குழியில ஆளு எறங்கறப்ப இது இல்லாம எப்புடி?'

நல்ல மனுசன். அவர் சொன்னபடி செஞ்சிருக்கலாம். பெரிய தொகையும் இல்ல. ஆனா பாருங்க, சாமான் செப்டம்பர்ல உள்ள வந்து பில்லு மட்டும் அக்டோபர்ல போட்டா அதுக்குப் பேரு பொய்க்கணக்கு. ஒரு தடவை இதே மாதிரி ஒரு வால்வுக்கு, எல்லாருக்கும் முன்னாடி ஆடிட்டர் என்னை நிக்கவெச்சுக் கேட்டார். அந்த அவமானம் எனக்குப் போதும். அதுவும் போக, காசிநாதனுக்கு ஒண்ணு விட்டா நாளைக்கு பாய்லர் ஃபோர்மேன் வருவான், அடுத்து கேன்டீன்காரன் மிக்ஸியோட வருவான். முடியாதுன்னுட்டேன். 'நீங்க பெரிய அரிச்சந்திரன்தான் போங்க'ன்னு வெச்சுட்டார். சர்வீஸ்ல இன்னிக்கு வரைக்கும் நான் ஒரு பொய்க்கணக்கு எழுதினதில்ல மேடம். இதையும் எழுதிக்கங்க.

அதனால ப்ளோயர் ரிப்பேர்ல இருந்துச்சுங்கறது தப்பு. ரிப்பேர் முடிஞ்சு, துடைச்சு, கடை வாசல்ல சாக்கு போட்டு மூடி வெச்சிருந்தார். பெரம்பலூர் போற வர்றப்பல்லாம் நான் பாத்தேன்.

ஸ்டோர்ஸைச் சாத்தியும் கணக்கு நிமிரலை. கொஞ்சம் இடிச்சுது. அப்பதான் குழி ஞாபகம் வந்துச்சு. சக்கரை எடுத்த பிறகு மிஞ்சற கறுப்புப் பாகுதான் மொலாசஸ். தரைக்குக் கீழ பழைய காலத்துக் குழி ஒண்ணு இருக்கு. பம்பு இழுக்காத அடிப்பாகு அதுல கெட்டியா உறைஞ்சு கெடக்கும். எங்க இருப்புக் கணக்குல அதுக்கு மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தை வித்தா வர்றது அத்தனையும் லாபம்தானே. மாட்டுத்தீவனக் கம்பெனி ஒண்ணு எடுத்துக்கறேன்னுச்சு, லாரியும் அனுப்பிருச்சு. ஆள் எறங்கி வாளியில அள்ளினா ஆச்சு. வரவு செப்டம்பர்ல, ப்ளோயர் செலவு அக்டோபர்ல. ரெண்டும் அதது இருக்க வேண்டிய இடத்துல இருக்கும்.

வேலையை கான்ட்ராக்டர் ஆண்டவர்கிட்ட குடுத்தேன். அவர்கிட்ட இருந்த ஆளுங்கதான் கருப்பண்ணனும் முத்தமிழும். அவங்களை ஆண்டவர்கிட்ட சேத்துவிட்டதே நான்தான். எல்லாரும் ஒரே ஊரு, வேப்பந்தட்டைக்குத் தெக்கால. கெணறு வெட்டற சனம். எங்கப்பாவும் கருப்பண்ணனும் ஒண்ணாக் கெணத்துல எறங்கினவங்க. எனக்கு அவர் மாமா முறை. ஊரெல்லாம் போர் போட ஆரம்பிச்சதும் கெணத்து வேலை நின்னுபோச்சு, நான்தான் ஆலைக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். 'எங்க மாப்ள ஆலையில பெரிய ஆபீசரு'ன்னு டீக்கடையில எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவார்.

கெணத்து ஆளுங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. எறங்கறதுக்கு முன்னாடி அரிக்கேன் வெளக்கைக் கொளுத்தி, கயித்துல கட்டி அடி வரைக்கும் விடுவாங்க. எரிஞ்சா எறங்கலாம். அணைஞ்சா காத்து கெட்டுக் கெடக்குன்னு அர்த்தம். இது எல்லாருக்கும் தெரிஞ்சது. எங்க சனத்துல இன்னும் ஒண்ணு சேத்து வெச்சிருக்காங்க. எறங்கப் போறவன் அந்த வெளக்கைப் பாக்கக் கூடாது. கயிறும் பார்வையும் அவனுக்குச் சொந்தமான ஒருத்தன்கிட்ட இருக்கணும். எறங்கறவனுக்கு அன்னிக்குக் கூலி வேணும். அணையப் போற வெளக்கும் அவன் கண்ணுக்கு எரியற மாதிரித்தான் தெரியும். சொந்தக்காரனுக்கு அவன் உசுரோட வேணும், அதனால சரியாப் பாப்பான். எங்க தொழில்லயும் இதே நியாயம்தான், கணக்கு எழுதினவனே அதைத் தணிக்கை பண்ணக் கூடாதும்பாங்க. கருப்பண்ணன் மாமாவுக்கு எப்பவும் கயிறு புடிக்கறது மச்சான் முத்தமிழ்தான்.

அன்னிக்குக் காலையில முத்தமிழ்தான் வெளக்கை விட்டான். அடியில போனதும் அணைஞ்சுபோச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி விட்டான், மறுபடியும் அணைஞ்சுது. மாமா வெளக்கும் கையுமா என் ரூம் வாசல்ல வந்து நின்னார். செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் வருவார், எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டார்.

'மாப்ள, வெளக்கு நிக்கல. அந்தக் காத்து மெசின் எங்க?'

'ஒண்ணாந்தேதி வந்துரும் மாமா.'

'அப்ப ஒண்ணாந்தேதி எறங்கறோம்.'

'லாரி வந்து நிக்குதே மாமா. இந்த ஒரு லோடு போகலைன்னா என் பேரு கெட்டுப்போயிரும்.'

அவர் வெளக்கை வாசப்படியில வெச்சார். 'சரி, வேப்பங்கொத்து அடிச்சுப் பாக்கறோம். வெளக்கு நின்னா எறங்கறேன். நிக்கலன்னா வூட்டுக்குப் போயிருவேன், கோவிச்சுக்காத மாப்ள' அப்படின்னார். நான் எதுக்குக் கோவிச்சுக்கப் போறேன்.

வேப்பங்கொத்தைப் பெருங்கட்டாக் கட்டி கயித்துல விட்டு மேலயும் கீழயும் இழுத்து அடிப்பாங்க. உள்ள காத்து கலையும். முத்தமிழ் மத்தியானம் வரைக்கும் அடிச்சான், சட்டையைப் புழிஞ்சா தண்ணி ஊத்தும். நான் குழிகிட்ட போனேன். 'போய் சாப்ட்டு வாடா, நான் இருக்கேன்'னு அவனை கேன்டீனுக்கு அனுப்பினேன். லாரி டிரைவர் கிளீனரோட நெழல்ல படுத்திருந்தான். குழிக்கு மேல வட்டமா ஒரு வாய், ஒருத்தர்தான் எட்டிப் பாக்க முடியும்.

'கயித்தை என்கிட்ட குடுங்க மாமா. நானும் சொந்தம்தானே.'

அவர் சிரிச்சார். 'வெள்ளச் சட்டை அழுக்காயிரும் மாப்ள' அப்படின்னார். ஆனா குடுத்தார். சந்தோசமாத்தான் குடுத்தார். எங்கப்பா புடிச்ச கயிறு ஞாபகம் வந்திருக்கும்போல. அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்து தலையில துண்டைக் கட்டிக்கிட்டார். நான் வெளக்கை விட்டேன், பாத்தேன், மேல இழுத்தேன். எரிஞ்சுக்கிட்டுத்தான் வந்துச்சு. அவர் ஏணியில கால வெச்சு எறங்கினார்.

கடைசிப் படிகிட்ட கை நழுவின மாதிரி இருந்துச்சு. சத்தமே போடலை. நான் ஆளைக் கூப்பிட்டேன். முத்தமிழ் எச்சிக் கையோட ஓடி வந்தான். வேணாம்னு நான் சொன்னேன். சொன்னதுக்கு லாரி டிரைவர் சாட்சி. என்னைத் தள்ளிவிட்டுட்டு எறங்கினான். அதுக்கப்பறம் ஃபயர் சர்வீஸ் வந்தது, நீங்க வந்தது எல்லாம் உங்க ரிப்போர்ட்லயே இருக்கு, அதுல தப்பில்ல.

லாரி வெறுமனே போச்சு. அந்தப் பணம் வரலை. ஆனா பாருங்க, அதே வாரம் பழைய இரும்பு ஏலம் நாங்க நெனச்சதுக்கு மேல போச்சு. காலாண்டு லாபத்துல முடிஞ்சுது. குழியில ஆள் எறங்கியிருக்கவே வேண்டியதில்ல. இதை நெனைச்சா எனக்கு இன்னமும் கசக்குது. ஸ்க்ராப் ஆபீசர் ஏல மதிப்பை ஒழுங்காச் சொல்லியிருந்தா நான் குழிப்பக்கமே போயிருக்க மாட்டேன். அவன் மேல யாரும் கேசு போடலை.

மெல்லிசான லாபம்தான். ஆடிட்டர் கேட்டார், 'சார், இந்த விபத்துக்கு நட்டஈடுன்னு இந்தக் காலாண்டுல ஏதாவது எழுதணுமா?' எழுதினா நஷ்டம். எழுதலைன்னா லாபம். ரெண்டு பேரும் கான்ட்ராக்டர் ஆளுங்க, அவங்க அசட்டையால நடந்ததுன்னு போலீஸ்லயே பதிவாகியிருக்கு, கம்பெனி பொறுப்பான்னு இன்னும் முடிவாகலை, அதனால இது வந்தாலும் வரலாம்ங்கற கடன்தான், வந்துட்ட கடன் இல்லன்னு சொன்னேன். கொள்கைப்படி அது சரி. அந்த 'அசட்டை'ங்கற வார்த்தையை நான் எழுதலை. சேஃப்டி ஆபீசர் எழுதினார். காலையில வெளக்கு அணைஞ்சதை யாரோ அவர்கிட்ட சொல்லியிருக்காங்க, மத்தியானத்தைப் பத்தி அவருக்குத் தெரியாது. நான் படிச்சுட்டுக் கையெழுத்து மட்டும் போட்டேன்.

அறிக்கை வெளிய வந்துச்சு. கடைசிப் பக்கத்துல ஒரு குறிப்பு இருக்கும், போன வருசக் கணக்குல பின்பற்றின அதே கொள்கைகளை இந்த அறிக்கையிலயும் பின்பற்றியிருக்கோம்னு. அந்த வரியை ஆடிட்டர் ஒரு எழுத்தும் மாத்தலை. பேங்க் பணம் விட்டுச்சு. கரும்புக்காரங்களுக்குக் குடுத்தோம். அந்த வாரம்தான் என்னை ஜி.எம். ஆக்கினாங்க. அது முன்னாடியே பேசி வெச்சது. செப்டம்பர் லாபத்துல முடிஞ்சா பாக்கலாம்னு எம்.டி. ஆகஸ்டுலயே சொல்லியிருந்தார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

காத்தாயி அத்தை பெரம்பலூர்ல என் வீட்டுக்கு வந்தாங்க. உள்ள வாங்கன்னா வரலை, கேட் பக்கத்துலயே நின்னாங்க. மாமா துணியோட அந்த அரிக்கேனையும் ஆஸ்பத்திரியில குடுத்திருக்காங்க போல, அதைக் கையில வெச்சிருந்தாங்க.

'அறிவு, அவரு வெளக்கு நிக்காத எடத்துல கால வெக்க மாட்டாரு. குடிச்சுப்புட்டு எறங்குனான்னு ஊர்ல பேசறானுவ. புள்ள பள்ளிக்கூடம் போவ மாட்டேங்குது. பணம் வந்தா வருது, வராட்டிப் போவுது. வெளக்கு எரிஞ்சுதா, இல்லையா? அத மட்டும் சொல்லு.'

'எரிஞ்சுது அத்த'ன்னேன்.

அப்படியே கேட்டைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. 'அப்ப எந்தம்பிதான் சரியாப் பாக்காம வுட்டுட்டானா. அடப்பாவி, ஒங்கண்ணுல என்னடா வுழுந்துச்சு'ன்னு செத்த தம்பியைத் திட்டித் திட்டி அழுதாங்க. கயிறு யாரு கையில இருந்துச்சுன்னு அவங்க கேக்கலை. முத்தமிழ்னே நெனச்சுட்டாங்க. கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்ல முடியும். ஆனா எனக்கு மனசு ஆறலை. ராவெல்லாம் இல்ல, பகல்ல, ஆபீஸ்ல உக்காந்திருக்கறப்ப அந்த அழுகை வந்து நிக்கும். நான் கல்லு இல்ல மேடம்.

அது நடந்தது நவம்பர்ல. இத்தனை நாள் ஏன் வரலைன்னு கேப்பீங்க. அப்ப அறிக்கையில ஆடிட்டர் கையெழுத்துப் போட்டு மை காயலை. நான் வந்திருந்தா எல்லாத்தையும் திருத்தச் சொல்லியிருப்பாங்க. இப்ப ரோட்டுல பாத்தீங்கல்ல, டிராக்டர் டிராக்டராக் கரும்பு போகுது. சீசன் நல்லா இருக்கு. இன்னிக்கு நீங்க எஃப்.ஐ.ஆரைத் திருத்தினா, கம்பெனி பொறுப்புன்னு இந்தக் காலாண்டுலதான் உறுதியாகும், இந்தக் காலாண்டுலதான் எழுதணும். இது தாங்கும். அத்தைக்கும் முழுசாக் கெடைக்கும், யாருக்கும் வலிக்காது. எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு. அந்த நேரம் வர்ற வரைக்கும் அவங்க இந்த மரத்தடியில கொஞ்ச நாள் உக்காந்துட்டாங்க, அவ்வளவுதான்.

என்ன கேட்டீங்க? காலையில ரெண்டு தடவை அணைஞ்ச வெளக்கு மத்தியானம் மட்டும் எப்படி எரிஞ்சுதுன்னா?

நல்ல கேள்வி. எங்க ஆடிட்டர்கூட இப்படிக் கேக்கலை.

கயித்தை நான் முழுசா விடலை. பாதிக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் விட்டேன். அது வரைக்கும் நல்லா எரிஞ்சுது, வேப்பங்கொத்து அடிச்சதுல மேல் காத்து சுத்தமாயிருந்துச்சு. அங்க போனதும் திரி சுருங்க ஆரம்பிச்சுது, ஓரமா நீலம் தெரிஞ்சுது. நான் கெணத்துக்காரன் மகன். இன்னும் ரெண்டு முழம் விட்டா என்னாகும்னு எனக்குத் தெரியும். அணைஞ்சா மாமா எந்திரிச்சு செருப்பைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவார், சொன்னா சொன்னதுதான் அவர். லாரி வெறுமனே போகும். அதனால அங்கயே நிறுத்திட்டு மெதுவா மேல இழுத்தேன். அவர் திரும்பாமயே, 'நிக்குதா மாப்ள?'ன்னு கேட்டார். 'நிக்குது மாமா'ன்னேன். மூணு மாசத்து அறிக்கையும் அப்படித்தான் மேடம், போன வரைக்கும் என்ன தெரியுதோ அதைத்தான் சொல்லும். அடியில என்ன இருக்குன்னு அதுகிட்ட யாரும் கேக்கறதில்ல.

முத்தமிழ் இருந்திருந்தா அடி வரைக்கும் விட்டிருப்பான். அதனாலதான் அவனைச் சாப்பிட அனுப்பினேன்.

எழுதிட்டீங்களா? குடுங்க, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடறேன், படிக்காம நான் எதுலயும் போடறதில்ல. இந்த எடத்துல 'பொய் சொல்லி'ன்னு போட்டிருக்கீங்க, அதை மட்டும் அடிச்சுருங்க. வெளிய அத்தை கேட்டாலும் அப்படியே சொல்லுங்க, அறிவு பொய் சொல்லலைன்னு. வெளக்கு எரிஞ்சுது. நான் விட்ட ஆழத்துக்கு எரிஞ்சுது.